ரோஜா முள்ளும் புளித்த பாலும்

ஒரு நோய்க்குப் பெயரிடும்போதே அதன் காரணத்தையும் அந்தப் பெயருக்குள் ஒளித்துவைத்துவிடுவது மனிதர்களின் வழக்கம். மூக்கொழுகி, தொண்டை கரகரத்து, ஒரு வாரத்தில் தானே அடங்கிப்போகும் அந்தச் சிறு உபாதையை நாம் ஜலதோஷம் என்கிறோம். நீரால் வந்த குற்றம். நீர்க்கோவை என்றாலும் அதே பொருள்தான். தலையில் நீர் கோத்துக்கொண்டது. ஆங்கிலேயரோ குளிரைச் சுட்டும் சொல்லையே இந்த நோய்க்கும் பெயராக வைத்துக்கொண்டார்கள். வைரஸ் என்ற ஒன்றை எவரும் கண்டிராத காலத்துப் பெயர்கள் இவை. கண்டறிந்த பிறகும் நாம் அவற்றை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தப் பெயர்களோடு ஒரு விலக்கையும் சேர்த்தே நம்மில் பலர் கற்றோம். மூக்கடைத்திருக்கும் பிள்ளையின் தட்டில் தயிர் விழாது. தயிர் குளிர்ச்சி, இரவில் ஆகவே ஆகாது, மிளகு ரசம் போதும் என்பது பாட்டிமார்களின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் இன்று நகரத்துக் கடையின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், உள்ளங்கையில் அடங்கும் சிறு குப்பிகளில் புளிக்கவைத்த பால் இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான உயிருள்ள பாக்டீரியாக்கள் இருப்பதாகவும், அவை நம் நோயெதிர்ப்பு ஆற்றலுக்குத் துணைநிற்பதாகவும் மேலுறை சொல்கிறது. பாட்டி எதை விலக்கினாளோ ஏறத்தாழ அதையே இன்றைய வணிகம் காப்பாக முன்வைக்கிறது. இரண்டில் எதை நம்புவது?

இந்தக் கேள்வியோடு பழைய பக்கங்களைப் புரட்டத் தொடங்கிய நமக்குக் கிடைத்தது ஒரு வரலாறு அல்ல, இரண்டு. ஒன்று குடலிலிருந்து தொடங்குகிறது, மற்றொன்று மூக்கிலிருந்து. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்த இவ்விரண்டும் மிகச் சமீபத்தில்தான் சந்தித்துக்கொண்டன.

*

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' நம் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத குறுநாவல். 1886இல் வெளிவந்த அப்படைப்புக்குத் தூண்டுதலாக அமைந்தது ஓர் உண்மையான மரணம். தூலா நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய இவான் இலியிச் மெச்னிகோவ் என்பவர் 1881இல், நடுவயதில், சீழ் இரத்தத்தில் கலந்து இறந்துபோனார். அவருடைய மரணப் படுக்கையின் அருகே இருந்த தம்பியின் பெயர் இலியா மெச்னிகோவ். நாவலாசிரியருக்கு அந்த மரணம் ஒரு வாழ்க்கையின் பொய்மையைத் திறந்துகாட்டும் சாவியாயிற்று. தம்பிக்கோ அது வேறொரு கேள்வியாயிற்று: உடல் ஏன் தன்னைக் காத்துக்கொள்ளத் தவறுகிறது? எப்போது தவறாமல் காத்துக்கொள்கிறது?

1845இல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் பிறந்த இலியா மெச்னிகோவ் விலங்கியல் அறிஞர். மரணம் அவரைச் சற்று நெருக்கமாகவே பின்தொடர்ந்தது. 1869இல் அவர் மணந்த லுத்மிலா, திருமண நாளன்றே காசநோயால் நலிந்திருந்தார்; தேவாலயத்துக்குள் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச்செல்ல வேண்டியிருந்தது. 1873இல் மதேரா தீவில் அவர் இறந்தபோது மெச்னிகோவ் அளவுக்கு மீறி மார்ஃபின் உட்கொண்டார். அளவு மிக அதிகமாக இருந்ததாலேயே அது வாந்தியாக வெளியேறி, அவர் பிழைத்தார். இரண்டாம் மனைவி ஓல்கா கடும் டைஃபாய்டிலிருந்து மீண்ட காலத்தில், மீண்டும் மீண்டும் திரும்பிவரும் ஒருவகைக் காய்ச்சலின் கிருமியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அதிலும் பிழைத்தார். இப்படிச் சாவின் வாசல்வரை இருமுறை சென்று திரும்பிய மனிதர்தான் பிற்காலத்தில் தம் நூல்களுக்கு 'நம்பிக்கைவாத ஆய்வுகள்' என்று துணைத்தலைப்பிட்டார் என்பதை மறக்காமல் இருப்போம்.

1882இன் இறுதியில் அவர் சிசிலித் தீவின் மெசினா நகரில் இருந்தார். ஒருநாள் குடும்பத்தினர் அனைவரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட, அவர் தனியாக நுண்ணோக்கியின்முன் அமர்ந்திருந்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் சில செல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இந்த நாடோடிச் செல்கள் உள்ளே நுழையும் பகைவனை எதிர்க்கக்கூடியவையாக இருக்குமோ என்ற எண்ணம் அவருக்கு மின்னலாக வெட்டியது. அப்படியானால் அந்தப் புழுவில் ஒரு முள்ளைக் குத்தினால், அதை இவை சூழ்ந்துகொள்ள வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் இறங்கி ரோஜாச் செடியிலிருந்து முட்களைக் கிள்ளிவந்தார். கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரிக்கப்பட்ட ஒரு சிறு ஆரஞ்சு மரமும் அந்தத் தோட்டத்தில்தான் நின்றிருந்தது. இளம்புழுவின் தோலுக்கடியில் முள்ளைச் செருகிவிட்டு, அன்றிரவு உறங்காமல் கிடந்தார். விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன.

நோயெதிர்ப்பியல் என்ற துறையின் பிறப்புகளுள் ஒன்று அந்த விடியல். அச்செல்களுக்குக் கிரேக்க மொழியிலிருந்து 'ஃபேகோசைட்' என்ற பெயர் அமைந்தது. விழுங்கு செல் என்று நாம் சொல்லலாம். உடல் நோயின் மைதானம் மட்டுமல்ல, அங்கே காவலர்களும் உண்டு என்று மெச்னிகோவ் வாதிட்டார். ஜெர்மானிய அறிஞர்கள் பலர் காப்பு என்பது செல்லில் அல்ல, குருதியின் நீரில் கரைந்திருக்கிறது என்று மறுத்தார்கள். கால் நூற்றாண்டு நீடித்த அந்தச் சச்சரவு, 1908இல் மெச்னிகோவுக்கும் எதிரணியின் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசைப் பங்கிட்டு அளித்ததில் ஓரளவு அடங்கியது. இருவருமே சரி என்பது பின்னர்தான் விளங்கிற்று.

*

பரிசு கிடைத்தபோது மெச்னிகோவின் மனம் வேறிடத்தில் இருந்தது. 1888 முதல் பாரீஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், முதுமை என்பதும் ஒரு நோய்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். பெருங்குடலில் தங்கும் கழிவை அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மெல்ல மெல்ல உடலைத் தேய்க்கிறது. நரையும் திரையும் அதன் விளைவே என்பது அவர் கொள்கை. பால் புளித்தால் கெடாமல் இருக்கிறது, ஏனெனில் அமிலம் அழுகலைத் தடுக்கிறது. அப்படியானால் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் குடலில் குடியேற்றினால் அங்கும் அழுகல் நின்றுபோகாதா?

1904இல் முதுமை குறித்துப் பாரீஸில் அவர் ஆற்றிய உரை செய்தித்தாள்களில் பரபரப்பானது. புளித்த பாலை உணவாகக் கொண்ட பல்கேரியக் கிராமங்களில் நூறு வயதைக் கடந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்ற செய்தி அவருக்குச் சான்றாகப் பட்டது. 1905இல் ஜெனீவாவில் மருத்துவம் பயின்ற ஸ்தாமென் கிரிகொரோவ் என்ற பல்கேரிய இளைஞர், தம் நாட்டுப் புளித்த பாலிலிருந்து கோல்வடிவ பாக்டீரியா ஒன்றைப் பிரித்து விவரித்தார். அது பிறகு பல்கேரியக் கோலுயிரி என்று பெயர்பெற்றது. பாஸ்டர் நிறுவனத்திலேயே பணியாற்றிய ஆன்றி டிசியே, தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்தில் கவட்டை வடிவ பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்கலாம் என்றார். நூற்றாண்டு முழுவதும் நடக்கப்போகும் கதையின் முக்கியப் பாத்திரங்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மேடையேறிவிட்டன.

ஐரோப்பாவில் புளித்த பாலுக்குப் பித்துப் பிடித்தது. மாத்திரையாக, பொடியாக, குப்பியில் அடைத்த திரவமாக அது விற்கப்பட்டது. கொள்கையின் மறுபக்கமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் கடந்தால் வரலாறு இனிப்புப் பண்டமாகிவிடும். பெருங்குடல் நஞ்சின் ஊற்று என்றால் அதை வெட்டி எறிந்துவிடுவதே மேல் அல்லவா? லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் அப்படித்தான் நினைத்தார். மலச்சிக்கலுக்காகப் பலரின் பெருங்குடலை அகற்றினார். அழகான ஒரு கருதுகோள், போதிய சான்றின்றிக் கத்தியைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

1909ஆம் ஆண்டு மே மாதம் மெச்னிகோவ் யாஸ்னயா போல்யானாவுக்குச் சென்று டால்ஸ்டாயைச் சந்தித்தார். அவருக்கு வயது 64, டால்ஸ்டாய்க்கு 80. ஒருவர் அண்ணனின் மரணத்தை இலக்கியமாக்கியவர். மற்றவர் அந்த மரணத்துக்கு அருகில் நின்றவர். மனிதன் எப்படிச் சாக வேண்டும் என்று ஒருவர் வாழ்நாளெல்லாம் கேட்டார். ஏன் இவ்வளவு சீக்கிரம் சாக வேண்டும் என்று மற்றவர் கேட்டார். நிறைவாக வாழ்ந்து முடித்தவனுக்கு உறக்கம் வருவதுபோல் சாவின் விருப்பமும் இயல்பாகவே வரும் என்பது மெச்னிகோவின் நம்பிக்கை. இரண்டு கேள்விகளும் நமக்கு அத்தனை தொலைவில் இருப்பனவாகத் தோன்றவில்லை.

பல ஆண்டுகள் நாள் தவறாமல் புளித்த பால் அருந்திய மெச்னிகோவ் 1916இல், 71 வயதில், இதய நோயால் இறந்தார். நூற்றைம்பது ஆண்டு வாழ்வைப் பற்றிக் கனவு கண்டவர் எழுபதைத் தாண்டியதும் போய்விட்டார் என்று சிரித்தவர்கள் உண்டு. 1921இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெட்கரும் செப்ளினும், பல்கேரியக் கோலுயிரி மனிதக் குடலில் குடியேறுவதே இல்லை என்று காட்டினார்கள். குடியேறாத விருந்தாளி வீட்டை எப்படிச் சீர்திருத்துவான்? கொள்கை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1917இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே, வயிற்றுக்கடுப்பு பரவிய போர்முனையிலிருந்து அந்நோய் தொடாமல் திரும்பிய ஒரு படைவீரனின் குடலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதையே மருந்தாக்கியிருந்தார். சலோனிக்காவிலிருந்து பார்சிலோனாவுக்குப் பெயர்ந்த ஐசக் கராஸ்ஸோ 1919இல் தயிர் தயாரித்து மருந்துக்கடைகள் வழியே விற்றார். தம் மகன் டானியேலின் செல்லப்பெயரிலிருந்து அதற்கு டானோன் என்று பெயர் வைத்தார். 1930இல் ஜப்பானின் கியோட்டோவில் மினோரு ஷிரோட்டா, இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டி உயிரோடு குடலை அடையும் ஒரு வகையை வளர்த்தெடுத்தார். 1935இல் அது யாகுல்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அறிவியல் கைவிட்ட பொருளை வணிகம் பொறுமையாகப் பாதுகாத்து வைத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

*

இனி மூக்கின் வரலாறு.

1914இல் லைப்சிக் நகரில் வால்ட்டர் குரூசே, சளி பிடித்திருந்த தம் உதவியாளரின் மூக்குநீரை எடுத்து, பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்து, 12 பேரின் மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். நால்வருக்குச் சளி பிடித்தது. அடுத்து 36 பேரில் 15 பேருக்கு. பாக்டீரியாவைவிடச் சிறியது ஏதோ ஒன்று இதற்குக் காரணம் என்று அவர் ஊகித்தார். போர் மூண்டது, எவரும் கவனிக்கவில்லை. 1930இல் நியூயார்க்கில் அல்ஃபான்ஸ் டோஷே சிம்பன்ஸிகளைக் கொண்டு அதை உறுதிசெய்தார்.

பிறகு வந்ததுதான் இந்த வரலாற்றின் மிக வசீகரமான அத்தியாயம். இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் இங்கிலாந்தின் சாலிஸ்பரி அருகே ஒரு தொற்றுநோய் மருத்துவமனையை நிறுவின. போர் முடிந்ததும் அந்தக் கொட்டகைகள் பிரித்தானிய அரசின் கைக்கு வந்தன. 1946இல் கிறிஸ்டஃபர் ஆண்ட்ரூஸ் அங்கே சளி ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். பத்து நாட்கள் தங்க வேண்டும்; உணவும் உறைவிடமும் இலவசம், கைச்செலவுக்குச் சிறிது பணமும் உண்டு; பதிலுக்கு மூக்கைக் கொடுக்க வேண்டும். இருவரோ மூவரோ ஒரு குடிலில். பிறரோடு பேசுவதானால் முப்பதடி தள்ளி நின்று. மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்க வந்தார்கள். புதுமணத் தம்பதிகளும் வந்தார்கள். 1990இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 20,000 பேர் அங்கே மூக்கை நீட்டியிருக்கிறார்கள்.

குளிரே சளிக்குக் காரணமா என்று ஆண்ட்ரூஸ் சோதித்தார். வெந்நீரில் குளித்தவர்களைத் துவட்டிக்கொள்ளவிடாமல் காற்று வீசும் நடைகூடத்தில் அரைமணி நேரம் நிற்கவைத்தார். பிறகும் ஈரக் காலுறையோடு இருக்கச் செய்தார். குளிர் மட்டும் பட்டவர்களுக்குச் சளி பிடிக்கவில்லை. பாட்டிமார்களின் கொள்கை அத்தோடு விழுந்தது என்று பலகாலம் எழுதப்பட்டது. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதில் ஒருவரைத் தோற்கடிப்பதில்லை. 2005இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேரின் பாதங்களைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வைத்தபோது, அடுத்த சில நாட்களில் அவர்களுள் 13 பேர் சளியின் அறிகுறிகளைச் சொன்னார்கள். வெற்றுத் தொட்டியில் கால்வைத்த 90 பேரில் ஐவர் மட்டுமே சொன்னார்கள். 2015இல் யேல் ஆய்வாளர்கள் எலியின் செல்களில் கண்டது இன்னும் நுட்பமானது: உடல் வெப்பத்தைவிடக் குறைந்த சூட்டில் செல்லின் எதிர்ப்பு தளர்கிறது, சளி வைரஸ் செழிக்கிறது. குளிர் நோயைத் தருவதில்லை. வாசற்காவலனைச் சற்றே கண்ணயர வைக்கிறது போலும்.

வைரஸ்களும் ஒவ்வொன்றாக அகப்பட்டன. 1950களின் நடுவில் அமெரிக்காவில் முதல் ரைனோவைரஸ் வளர்க்கப்பட்டது. மூக்கின் குளிர்ந்த வெப்பநிலையை ஆய்வுக்குழாயிலும் உண்டாக்கினால் இவை நன்கு வளர்கின்றன என்பதைச் சாலிஸ்பரியில் டேவிட் டிரெல் குழுவினர் காட்டினர். 1965இல் அதே நிலையம் ஒரு பள்ளிச் சிறுவனின் சளியிலிருந்து கிடைத்த வேறொரு வைரஸைப் பற்றி எழுதியது. அதையும் அதன் இனத்தையும் மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தவர் ஜூன் அல்மைடா. கிளாஸ்கோவில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்து, பதினாறு வயதில் படிப்பை நிறுத்த நேர்ந்தவர். முடிபோன்ற விளிம்பைக் கண்டு அவ்வினத்துக்கு 1968இல் கொரோனா என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் 2020இல் நம் ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் நுழையும் என்று அந்தக் குடில்களில் இருந்த எவரும் நினைத்திருக்க முடியாது.

ரைனோவைரஸில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் இன்று அறியப்பட்டுள்ளன. ஒன்றிடமிருந்து பெற்ற காப்பு மற்றொன்றுக்கு உதவுவதில்லை. சளிக்குத் தடுப்பூசி அமையாமைக்கு இதுவே முதற்காரணம்.

அதைவிட வியப்பான உண்மை ஒன்றும் மெல்லத் துலங்கியது. ரைனோவைரஸ் மூக்கின் திசுவைப் பெரிதாகச் சிதைப்பதில்லை. ஒழுகுவதும், வீங்குவதும், தும்முவதும், தொண்டை எரிவதும் பெரும்பாலும் நம் உடல் எழுப்பும் எதிர்ப்பின் ஆரவாரமே. 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த இன்டர்ஃபெரான் என்ற காப்புப் புரதத்தை மூக்கில் தெளித்தால் சளியைத் தடுக்க முடியும் என்று 1973இல் சாலிஸ்பரியில் நிரூபித்தார்கள். ஆனால் தொடர்ந்து தெளித்தபோது மூக்கடைப்பும் குருதிக்கசிவும் வந்தன. காவலே காயமாயிற்று. முள்ளைச் சுற்றி மொய்த்த செல்களைக் கண்டு மெச்னிகோவ் உறங்காமல் கிடந்தார். அதே மொய்ப்புதான் நம்மையும் மூக்கடைத்து உறங்கவிடாமல் செய்கிறது.

*

வயிற்றில் இறங்கும் பாக்டீரியா மூக்கில் நடக்கும் சண்டையில் எப்படித் தலையிடும்? இரண்டு வரலாறுகளும் சந்தித்தது இந்தக் கேள்வியில்தான்.

சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே திட்டுக்கள் இருப்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே சுவிஸ் மருத்துவர் பேயர் விவரித்திருந்தார். அவை நோயெதிர்ப்புச் செல்களின் பயிற்சிக்கூடங்கள் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெரிந்தது. குடலுக்குள் கடந்துபோகும் நுண்ணுயிர்களின் மாதிரிகளை அங்கே செல்கள் எடுத்துப் பார்க்கின்றன, அடையாளம் கற்கின்றன, எதை எதிர்ப்பது எதைப் பொறுப்பது என்று பழகுகின்றன. 1970களின் இறுதியில் கனடாவின் ஜான் பீனன்ஸ்டாக், குடலிலும் நுரையீரலிலும் பிற ஈரப்படலங்களிலும் இயங்குவது ஒரே காவல் வலைப்பின்னல் என்ற கருத்தை முன்வைத்தார். ஓரிடத்தில் பயின்ற செல்கள் வேறிடத்துக்குப் பயணம் போகின்றன. 2011இல் அகிகோ இவாசாகியின் குழு, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்த எலிகள் இன்ஃப்ளூயன்ஸாவை எதிர்ப்பதில் பின்தங்குவதைக் காட்டியது. ஆக, குடியேறாத விருந்தாளியும் பயனற்றவன் அல்ல. போகிறபோக்கில் காவலர்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனாலே ஏதேனும் நடக்கலாம்.

'ப்ரோபயாட்டிக்' என்ற சொல் 1965இல் லில்லி, ஸ்டில்வெல் இருவரின் கட்டுரையில் வேறொரு பொருளில் பயன்பட்டது. 'ஆன்டிபயாட்டிக்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக. லத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டுப்போட்ட சொல் அது. போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்ற இன்றைய வரையறையை 2001இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு வகுத்தது. வரையறையின் எடை 'நன்மை தரும்' என்ற சொற்களில் இருக்கிறது. அதை நிரூபிக்க வேண்டும்.

அதே 2001இல் ஹெல்சிங்கியின் 18 குழந்தைக் காப்பகங்களில் 571 குழந்தைகளுக்குக் குளிர்காலம் நெடுகிலும் ஏழு மாதங்கள் பால் கொடுத்த ஆய்வு வெளியாயிற்று. பாதிப் பேரின் பாலில் லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற பாக்டீரியா இருந்தது. யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது. அதைக் குடித்த குழந்தைகள் நோயால் விடுப்பெடுத்தது சராசரியாக 4.9 நாட்கள், மற்றவர்கள் 5.8 நாட்கள். வயது வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு திருத்தியபோது இந்த இடைவெளி இன்னும் சுருங்கி, தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் வந்தது. 2005இல் ஜெர்மனியில் 479 பெரியவர்களிடம் மூன்று பாக்டீரியாக்களைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சளி பிடிக்கும் எண்ணிக்கை குறையவே இல்லை. ஆனால் பிடித்த சளி 8.9 நாட்களுக்குப் பதில் 7 நாட்களில் அடங்கியது.

இப்படி உலகெங்கும் குவிந்த ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் குழுவினர் 2011, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை மதிப்பிட்டிருக்கிறார்கள். கடைசித் தொகுப்பின் கணக்கில் வந்தவர்கள் 23 ஆய்வுகளில் 6,950 பேர். ஒருமுறையேனும் மேல்சுவாசத் தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைகிறது. தொற்று நீடிக்கும் காலம் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்குகிறது. ஆனால் இந்தச் சான்றுகளின் உறுதி பெரும்பாலும் குறைவானது என்று அவர்களே அடிக்கோடிடுகிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு பாக்டீரியா வேறு, அளவு வேறு, காலம் வேறு.

இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வையும் குறிப்பிட வேண்டும். 2017இல் வெளியான அந்த ஆய்வில், ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,500க்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு ஒரு வாரம் மட்டும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவை அதற்கான உணவுச் சர்க்கரையோடு கொடுத்தார்கள். குருதித் தொற்றோ மரணமோ நேர்வது 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது; கீழ்சுவாசத் தொற்றுகளும் குறைந்தன. இது மூக்கொழுகல் பற்றிய சங்கதி அல்ல, உயிர் பற்றியது. மெச்னிகோவ் இதைக் கண்டிருந்தால் இன்னொரு இரவு உறங்காமல் கிடந்திருப்பார்.

*

சான்று தயங்கித் தயங்கிப் பேசும் இடத்தில் விளம்பரம் உரத்துப் பேசியது. 2010இல் அமெரிக்காவின் வணிக ஒழுங்காற்று ஆணையம், சளியையும் ஃப்ளூவையும் தவிர்க்கத் தங்கள் புளித்த பால் பானம் உதவும் என்று சொல்வதை டானன் நிறுவனம் கைவிட வேண்டும் என்ற உடன்பாட்டை எட்டியது. பல மாநில அரசுகளுக்கு 2.1 கோடி டாலர் செலுத்தவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஷிரோட்டாவின் பாக்டீரியா மேல்சுவாசப் பாதையைக் காக்கிறது என்ற கோரிக்கையைச் சான்று போதாதென மறுத்தது. இந்தியாவிலும் 2011இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வகுத்த நெறிமுறைகள், பாக்டீரியாவின் இனத்தை மட்டுமன்றி அதன் குறிப்பிட்ட வகையையும் அடையாளம் காட்ட வேண்டும் என்கின்றன. ஒரு வகைக்கு நிரூபணமான குணம் அதன் பங்காளிக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் வீட்டு உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் தெருவுக்குத் தெரு மாறுவது. அதை எவரும் இப்படி அளந்துபார்த்ததில்லை. வீட்டுத் தயிர் நல்ல உணவு. அதை மருந்தென்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

2020க்குப் பின் 'நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது' என்ற தொடர் நம் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. சாலிஸ்பரியின் மூக்குகள் கற்பித்த பாடத்தை இங்கே நினைவுகூர்வது நல்லது. காவலைக் கூட்டுவதே நோக்கம் என்றால், அதிகம் ஒழுகும் மூக்கே ஆரோக்கியமான மூக்கு. உடலுக்கு வேண்டியது பெருக்கம் அல்ல, அளவறிதல்; எப்போது எழுவது, எப்போது அடங்குவது என்ற பக்குவம். குடலின் நுண்ணுயிர்கள் ஏதேனும் உதவுகின்றன என்றால், அந்தப் பக்குவத்தைப் பழக்குவதில்தான் உதவுகின்றன போலும்.

பாட்டியின் விலக்கு என்னாவது? 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 பேருக்கு ரைனோவைரஸைக் கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் சிந்திய சளியையும் அளந்தார்கள். பால் மிகுந்ததால் சளி மிகவில்லை. ஆனால் பால் சளியைக் கூட்டும் என்று முன்பே நம்பியவர்கள் இருமலும் அடைப்பும் அதிகம் இருந்ததாகச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டது பால், தயிர் அல்ல. என்றாலும் நம்பிக்கை உடலில் எப்படிப் பேசுகிறது என்பதை அது காட்டிவிட்டது. குப்பியை நம்பிக் குடிக்கும் நமக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். அதனால்தான் ஹெல்சிங்கியில் யார் எதைக் குடிக்கிறார்கள் என்பதை எல்லோரிடமிருந்தும் மறைத்தார்கள்.

மெச்னிகோவின் கடைசி நாட்களைப் பற்றி ஓல்கா எழுதிவைத்த வாழ்க்கை வரலாற்றில் ஒரு காட்சி உண்டு. இறந்தபின் தம் உடலை அறுத்துப் பார்க்கப்போகும் மருத்துவ நண்பரிடம், குடலைக் கவனமாகப் பார்க்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். தம் கொள்கைக்குச் சாதகமாக அங்கே என்ன இருக்கும், பாதகமாக என்ன இருக்கும் என்பதை அவர் அறியமாட்டார். எதுவாயினும் பார்க்கப்பட வேண்டும் என்பதே அவர் விருப்பம். அண்ணன் இவான் இலியிச் ஒரு மகத்தான கதையை விட்டுச்சென்றார். தம்பி விட்டுச்சென்றது இந்த வேண்டுகோளை.

சளி பிடித்த இரவில் தயிரைத் தள்ளிவைப்பதும் ஊற்றிக்கொள்வதும் அவரவர் நாக்கின் விருப்பம். அதற்குக் காரணம் சொல்லத் தொடங்கும்போது மட்டும் அந்தப் படுக்கையறையை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.